மஞ்சள் ரிப்பன் குட்டி

அத்தியாயம் 11

போன வாரம் மாப்பிள்ளை குட்டிகள் அறையில் எவர்சில்வர் தட்டைக் கை நழுவவிட்டது நினைவிருக்கும். படிக்காமல் விட்டவர்களுக்கும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. தட்டு சிமென்ட் தரையில் விழுந்த சத்தத்தில் ஆறு குட்டிகள் அலறிப் புடைத்துக்கொண்டு மூலைக்கு ஓடின. ஏழாவது குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தட்டை எடுத்து, அதன் தலைமாட்டிலேயே இன்னொரு முறை, இந்த முறை வேண்டுமென்றே, போட்டான். அது கொட்டாவி விட்டுவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்தது.

அன்று சாயங்காலமே மாமனார் அந்தக் குட்டியின் பச்சை ரிப்பனை அவிழ்த்துவிட்டு மஞ்சள் ரிப்பனைக் கட்டச் சொன்னார்.

மஞ்சள் ரிப்பன் என்றால் தர்மக் குட்டி. மாமனார்தான் ஊரில் ஜாதி நாய் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் அவர் கொண்டுவந்த விதி ஒன்று உண்டு: ஒவ்வொரு ஈற்றிலும் ஒரு குட்டி விற்கிற பணம் முழுக்க ஊர்ப் பொதுக் காரியத்துக்குப் போக வேண்டும். ஊரே மெச்சியது. பத்திரிகையில் படம் வந்தது. எந்தக் குட்டி என்று மட்டும் விதியில் எழுதவில்லை.

அங்கேதான் சூட்சுமம். தாடை கோணியது, தொப்புள் பிதுங்கியது, பின்னங்கால் இழுப்பது என்று சங்கத்து வீடுகளில் கழித்துக்கட்ட வேண்டியதெல்லாம் மஞ்சள் ரிப்பனோடு மேடையேறியது. நல்ல காரியத்துக்குக் கொடுத்து வாங்கியதைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட யாருக்கு மனசு வரும்? குறை இருந்தாலும் விழுங்கிக்கொள்வார்கள். கழிசலைத் தள்ளிவிட இப்படி ஒரு புண்ணியமான வழியை வேறு எந்த ஊரிலும் எவனும் கண்டுபிடித்திருக்க மாட்டான்.

பொதுக் காரியங்களின் லட்சணமும் அப்படித்தான். முதல் வருடம் பள்ளிக்கூடத்தில் ஒரு குடிநீர்க் குழாய். குழாயைவிட நாலு மடங்கு பெரிய பெயர்ப் பலகை. குழாயில் தண்ணீர் நின்று இரண்டு வருடமாகிறது. பலகையை மட்டும் ஆள் வைத்துத் துடைக்கிறார்கள். அடுத்த வருடம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு. சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் முதுகில் தலைவர் பெயர் ஒட்டிக்கொண்டு வரும், அப்படிப்பட்ட பெயின்ட். போன வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு கடிகாரம். இந்த வருடம் மருத்துவமனை வாசலில் நோயாளிகள் காத்திருக்க ஒரு கூரை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விழா. எட்டு மணிக்கு மாப்பிள்ளை குட்டிகள் அறையில் மண்டி போட்டு, இரவு விரித்த செய்தித்தாள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். போன வருட விழாப் படம் வந்த பக்கமும் அதில் இருந்தது. மாமனாரின் சிரிப்புக்கு நேர் மேலே ஒரு குட்டி தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தது. அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

மாமனார் வாசலில் நின்றார். உள்ளே வரமாட்டார். கைக்குட்டை மூக்கை மூடியிருந்தது. முப்பது வருடமாக நாய் வளர்க்கிறார். நாய் நாற்றம் அவருக்கு ஆகாது.

"இல்ல மாமா."

"நேரத்துக்குச் சாப்பிடுங்க. உடம்பு முக்கியம். அதுக்கு முன்னாடி அந்த மூலையில இருக்கிறதை மட்டும் அள்ளிடுங்க."

மரியாதைக்கு அந்த வீட்டில் குறைவே கிடையாது. உட்காருங்க, வாங்க, அள்ளுங்க. ஐந்து வருடமாக வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை. கால்நடை மருத்துவம் மூன்று வருடம் படித்து, நாலாம் வருடம் ஆபரேஷன் வகுப்பில் மாட்டுக்கு முன்னால் மயங்கி விழுந்து, எழுந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிட்டவன். வாடிக்கையாளர்கள் முன்னால் 'எங்க வீட்டு டாக்டர்'. முதுகுக்குப் பின்னால் 'அரை டாக்டர்'. பிரசவம் பார்ப்பது, குட்டிக்குப் பால் புகட்டுவது, ஊசி போடுவது, அள்ளுவது எல்லாம் அவன்தான்.

அவனிடம் இருந்த ஒரே சொத்து இளக்காரம். மாமனாரைப் பார்த்தால் இளக்காரம், மச்சானைப் பார்த்தால் இளக்காரம், சங்கத்தைப் பார்த்தால் சொல்லவே வேண்டாம். வாயைத் திறந்து எவரிடமும் எதுவும் சொன்னதில்லை. மனசுக்குள் மட்டும் எல்லோரையும்விட ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தான். அங்கே காற்று நன்றாக வந்தது.

"மாமா, அந்த மஞ்சக் குட்டி..."

"அதுக்கென்ன? ஜம்முனு இருக்கு."

"அதுக்குக் காது..."

"மாப்பிள்ளை, நாய் என்ன உட்கார்ந்து பாட்டா கேக்கப் போகுது?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, அதை மேடையிலும் சொல்லலாமா என்று யோசித்து, முடியாது என்று புரிந்து, மாமனார் போய்விட்டார். மாப்பிள்ளை மூலையில் இருந்ததை அள்ளினான்.

மனைவி மாடியில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டை. மேடையில் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவதும் அவள்தான். பேச வேண்டியதெல்லாம் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிக் கட்டில் மேல் வரிசையாக வைத்திருந்தாள். அப்பா பொண்ணு என்று அவள் கணக்கையும் அவன் எப்போதோ முடித்து வைத்திருந்தான்.

"மஞ்சக் குட்டிக்கு யாரு பேர் குடுத்திருக்காங்க தெரியுமா?" என்றாள் அவள், திரும்பாமலே.

"யாரா இருந்தா எனக்கென்ன."

"போன வருஷத்துத் தையல்காரம்மா."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். அட்டைகள் கலைந்தன.

போன வருட மஞ்சள் குட்டியும் காது கேட்காததுதான். முழு வெள்ளை ஜாதி. அவ்வப்போது அப்படி ஒன்று பிறக்கும். வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியாது. தையல்காரம்மா அதை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனாள். மெயின் ரோட்டில் கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டில் அவள் ஒருத்தி. ஒரு மாதம் கழித்து ஒருநாள் வெறுங்கையோடு வந்து இதே வீட்டு ஹாலில் நின்றாள்.

"லாரி பின்னால வந்துச்சுங்க. நான் கூப்பிட்டேன். கத்தினேன். அது திரும்பிக்கூடப் பார்க்கல. மிஷின் சத்தத்துல உட்கார்ந்து உட்கார்ந்து என் தொண்டையே அடங்கிப் போச்சு. இன்னும் சத்தமாக் கூப்பிட்டிருக்கணும். நீங்க நம்பிக் குடுத்த உசுரைக் காப்பாத்தத் தெரியலைங்க. மன்னிச்சிடுங்க."

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள்! மாமனார் என்ன செய்தார் தெரியுமா? மன்னித்தார். தோளைத் தட்டி, "பரவாயில்லம்மா, இனிமே ஜாக்கிரதையா இருங்க" என்று பெருந்தன்மையோடு மன்னித்து அனுப்பினார். அந்த மன்னிப்பைப் பார்த்த பிறகு மாப்பிள்ளைக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது.

"அவங்களுக்கு அந்தக் குட்டி போகக் கூடாது" என்றான் இப்போது.

"ஏன்?"

"காது கேக்காது அதுக்கு."

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"போன வருஷத்துது?"

அவன் கலைந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான். அடுக்கி முடித்த பிறகும் அடுக்கிக்கொண்டே இருந்தான்.

"கேட்டேனே."

"உங்கப்பாகிட்ட நீயே பேசு. நான் சொன்னா இந்த வீட்டுல எடுபடுமா?"

"சொல்லியிருக்கீங்களா? ஒரு தடவையாவது முழுசா சொல்லியிருக்கீங்களா?"

சட்டையில் கருகல் வாடை வந்தது. அவள் பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"மேடையில மைக் என் கையிலதான் இருக்கும்" என்றாள். "சொல்றதுன்னா அங்க வந்து சொல்லுங்க."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தான். வேறெப்படி நினைப்பான்? அப்பா பொண்ணு. எழுந்து கீழே வந்துவிட்டான்.

ஏழு குட்டிகளையும் ஒரே பெரிய கூடையில் போட்டு மச்சானின் காரில் ஏற்றினார்கள். தர்மக் குட்டி ஒன்றுதான் என்றாலும் ஈற்று முழுவதையும் மேடையில் காட்டினால் மற்றவற்றுக்கும் ஆள் கிடைக்கும் அல்லவா? மச்சான் ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் கைப்பேசியுமாக ஓட்டினான். சங்கத்தின் விளம்பரம் அவன் பொறுப்பு. "நண்பர்களே, அன்பின் பயணம் ஆரம்பிச்சாச்சு!" என்று கைப்பேசியைப் பார்த்துச் சொன்னபடி ஒரு குழியில் விட்டான். அன்பின் பயணத்தில் முதலில் ஒரு குட்டி வாந்தி எடுத்தது. அதைப் பார்த்து மற்றவையெல்லாம் எடுத்தன.

"அத்தான், நாறுது. வீடியோல தெரியாதுதான், ஆனாலும் கொஞ்சம் கழுவிடுங்க" என்றான் மச்சான், விழாக் கூடத்து வாசலில் இறக்கிவிட்டு.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்னச் சமையலறையில் ஒரு தொட்டி இருந்தது. மாப்பிள்ளை ரிப்பன்களை அவிழ்த்து ஒரு குவியலாகப் போட்டான். சிவப்பு, நீலம், ஊதா, ஆரஞ்சு, பழுப்பு, கறுப்பு, மஞ்சள். வெந்நீர் கலந்து ஒவ்வொரு குட்டியாகக் கழுவித் துடைத்துத் தரையில் துண்டு விரித்து விட்டான். ஏழும் வெள்ளை. ரிப்பன் இல்லாவிட்டால் ஏழும் ஒன்றுதான், பார்க்கத் தெரியாதவர்களுக்கு. அவனுக்கு அப்படியில்லை. இது மூக்கோரத்தில் அரிசி அளவு ரோஸ் புள்ளி உள்ளது. இது பால் குடிக்கும்போது வலது காலை உதைப்பது. இது மாமனார் தனக்கென்று எடுத்து வைத்திருக்கிற சிவப்பு, எடுப்பான நெஞ்சு, சின்னச் சத்தத்துக்கும் இரண்டு காதும் எழுந்துவிடும். இது மஞ்சள். எப்போதும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். காது செய்யாத வேலையையும் கண் செய்ய வேண்டியிருக்கிறது, பாவம்.

மஞ்சள் இப்போது துண்டின் நடுவில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்து, அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆச்சா மாப்பிள்ளை? கூட்டம் வந்தாச்சு."

மாமனார். வாசலில். கைக்குட்டை.

"ரிப்பன் கட்டணும் மாமா."

"முதல்ல நம்ம சிவப்பைக் கட்டுங்க. அதை நான் கையில வெச்சுக்கிட்டுத்தான் பேசப்போறேன்." மாமனார் குட்டிகளை ஒரு ராஜா மாதிரி பார்வையிட்டார். பிறகு விரலை நீட்டினார். "அதோ! உட்கார்ந்திருக்கே, அதான் நம்ம சிவப்பு. என்ன கம்பீரம் பாருங்க! முப்பது வருஷ அனுபவம். ரிப்பனே தேவையில்ல எனக்கு."

விரல் நீண்டது மஞ்சளை நோக்கி.

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். பிறகு மூடினான். மூடுவது அவனுக்குக் கைவந்த கலை. ஆனால் இந்த முறை மூடியதில் ஒரு சுகம் இருந்தது. காது கேட்காத குட்டியின் கழுத்தில் சிவப்பு ரிப்பனை எடுத்துக் கட்டினான். நெஞ்சு எடுப்பான குட்டியின் கழுத்தில் மஞ்சளைக் கட்டினான். அவன் ஒன்றும் செய்யவில்லை. தலைவர் சொன்னபடி செய்தான். செவிடு இந்த வீட்டிலேயே தங்கும். கைச் சைகையில் பழக்கி அவன் வளர்த்துக்கொள்வான். தையல்காரம்மாவுக்கு ஈற்றிலேயே முதல் தரமான குட்டி போகும். தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தன் மௌனத்தால் ஒருவருக்கு நன்மை நடக்கப் போகிறது என்று நினைத்தபோது, அந்த மேல்படியில் காற்று இன்னும் கொஞ்சம் நன்றாக வந்தது.

கூடம் நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். மருத்துவமனை நிர்வாகி முதல் வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் கூரையின் படம் பெரிதாகத் தொங்கியது. படத்தில் கூரையைவிடத் தலைவர் பெரிதாக இருந்தார்.

மனைவி மைக்கில் பெயர்களைப் படித்தாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. மாமனார் சிவப்பு ரிப்பன் குட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேச வந்தார்.

"நாங்க நாய் விக்கிறவங்க இல்ல" என்று ஆரம்பித்தார். "அன்பை விக்கிறவங்க."

கைதட்டல். குட்டி அவர் தோளில் கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தது. முகம் தெரியாத இடத்தில் அதற்கு வேறு வேலை இல்லை.

"வாயில்லா ஜீவன். அதுக்காக நாமதான் பேசணும்." மறுபடி கைதட்டல். பக்கவாட்டில் நின்ற மாப்பிள்ளை மேடையின் திரைச்சீலையை இறுகப் பிடித்துக்கொண்டான், சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று.

தர்மக் குட்டியை வாங்க வருமாறு பெயர் அழைக்கப்பட்டது. தையல்காரம்மா எழுந்து வந்தாள். குள்ளமான, மெலிந்த உடம்பு. ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய விரல்கள். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதன் முனையில் பளபளவென்று ஒரு ஸ்டீல் விசில்.

மாப்பிள்ளை அந்த விசிலைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

மச்சான் மஞ்சள் ரிப்பன் குட்டியை அவள் கையில் கொடுத்துப் படம் பிடித்தான். "அம்மா, ரெண்டு வார்த்தை" என்றான், கைப்பேசியை நீட்டி.

"எனக்குப் பேசவெல்லாம் வராதுங்க" என்றாள் அவள். "போன தடவை என் கவனக்குறைவுல தப்பு நடந்துபோச்சு. என் குரல் சின்னக் குரல். அதான் இந்தத் தடவை விசில் வாங்கிட்டேன். ஒரு மாசமா ஊதிப் பழகியிருக்கேன்."

கூடத்தில் லேசாகச் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள்.

"ஊதிக் காட்டுங்கம்மா!" என்றான் மச்சான். வீடியோவுக்கு நல்லது அல்லவா?

அவள் வெட்கப்பட்டு, விசிலை வாயில் வைத்து, ஊதினாள். ஒரு மாதம் பழகியவள் ஊதுகிற ஊதல். முதல் வரிசையில் நிர்வாகி காதைப் பொத்தினார். கையில் இருந்த மஞ்சள் ரிப்பன் குட்டி இரண்டு காதையும் நட்டுக்கொண்டு துள்ளியது. கூடையில் இருந்த ஐந்தும் ஒன்றாகக் குரைத்தன.

மாமனார் தோளில் சிவப்பு ரிப்பன் தூங்கிக்கொண்டிருந்தது.

மாமனாரை இந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. மனிதர் சமாளிப்பதில் மன்னன். "பார்த்தீங்களா!" என்று மைக்கில் முழங்கினார். "இதுதான் நிதானம்! இதுதான் நான் எனக்காகப் பொறுக்கின குட்டி!" கூட்டம் விழுந்து விழுந்து கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கும் குட்டி எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் மாமனாருக்கு உறைத்தது. மைக்கை விட்டுத் தள்ளி நின்று குட்டியின் காதருகே விரலைச் சொடுக்கினார். இன்னொரு முறை சொடுக்கினார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை உத்தரத்தைப் பார்த்தான்.

தையல்காரம்மா மேடையை விட்டு இறங்கிப் பக்கவாட்டுக் கதவுக்கு வந்திருந்தாள். மாமனார் பின்னாலேயே வந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டியிருந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம். சின்னத் தப்பு நடந்துடுச்சு. எங்க மாப்பிள்ளை அவசரத்துல ரிப்பனை மாத்திக் கட்டிட்டார். உங்களோடது இதுதான்."

"அப்படிங்களா?" அவள் கையில் இருந்த குட்டியை ஒரு தடவை பார்த்தாள். அதற்குள் அது அவள் சேலை நுனியைக் கவ்விக்கொண்டிருந்தது. மெதுவாக விடுவித்துக் கொடுத்தாள். "எதுவா இருந்தா என்னங்கய்யா. எல்லாம் நீங்க வளர்த்ததுதானே."

காது கேட்காத குட்டி அவள் கைக்குப் போனது. விழித்துக்கொண்டது. விழித்ததும் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தது.

"அட, எப்படிப் பார்க்குது பாருங்க!" அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. குட்டியின் காதருகே குனிந்தாள். "பயப்படாதே தங்கம். இந்தத் தடவை நான் சத்தமாக் கூப்பிடுறேன். என்ன?"

மாப்பிள்ளைக்கு எல்லாம் கண் முன்னால் ஓடியது. மெயின் ரோடு. லாரி. நடுவில் நின்று விசிலை ஊதி ஊதிப் பார்க்கிற இந்த மனுஷி. திரும்பாத குட்டி. பிறகு மறுபடி அதே ஹால், அதே மன்னிப்பு, அதே தோள் தட்டல்.

"அதுக்குக் காது கேக்காதும்மா" என்றான்.

குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

"மாப்பிள்ளை, நீங்க உள்ள போங்க" என்றார் மாமனார்.

"பிறவியிலேயே கேக்காது. விசில் ஊதினாலும் கேக்காது, இடி இடிச்சாலும் கேக்காது."

"மாப்பிள்ளை, உள்ள போங்கன்னேன்ல."

"போன வருஷத்துதும் அப்படித்தான். நீங்க எவ்வளவு சத்தமாக் கூப்பிட்டிருந்தாலும் அது திரும்பியிருக்காதும்மா. உங்க மேல தப்பே இல்ல. இவங்க தெரிஞ்சேதான் குடுத்தாங்க."

சொல்லிவிட்டான். ஐந்து வருடமாகச் சொல்லாத வாய் சொல்லிவிட்டது. மாமனாரின் முகத்தில் இருந்த சிரிப்பு, சாயம் போன பெஞ்சு மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை நிமிர்ந்து நின்றான். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். கையெடுத்துக் கும்பிடுவாள் என்றும், வெட்கமில்லாமல், கொஞ்சம் எதிர்பார்த்தான்.

தையல்காரம்மா அழவில்லை. குட்டியைத் தடவிக்கொண்டே நின்றாள். மேடையில் யாரோ அடுத்த பேச்சாளரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வருஷமா மிஷின்ல உட்காரும்போதெல்லாம் நினைப்பேன்" என்றாள் கடைசியில். "ஒருவேளை அதுக்கு என்னைப் பிடிக்கலையோன்னு. அதான் கூப்பிட்டும் வரலையோன்னு."

"இல்லம்மா..."

"உங்களுக்கு எப்பத் தெரியும், டாக்டர் தம்பி?"

அவன் இதை எதிர்பார்க்கவில்லை.

"போன வருஷம் நான் உங்க வீட்டு ஹால்ல நின்னு மன்னிப்புக் கேட்டேனே. அன்னிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்களும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தீங்க. எனக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தீங்க."

அவன் பார்வை அவள் கழுத்து விசிலில் போய் நின்றது.

"இவர் யாவாரி" என்றாள், மாமனாரைப் பார்க்கக்கூடப் பார்க்காமல். "இவருக்கு வேற தெரியாது. நீங்க படிச்சவரு."

மாமனாரை, மச்சானை, சங்கத்தை, ஊரையே அவன் எந்தப் பார்வை பார்த்து வந்தானோ அதே பார்வை. இப்போது அது கீழே இருந்து, ஒரு குள்ளமான பெண்ணிடமிருந்து, அவனை நோக்கி வந்தது. அவன் ஏறி உட்கார்ந்திருந்த மேல்படி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அவள் குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை. வந்த வழியே திரும்பி மேடைப் படிகளில் ஏறினாள்.

"அம்மா, அம்மா! எதுவா இருந்தாலும் நாம உள்ள உட்கார்ந்து பேசிக்கலாம்!" மாமனார் ஓடினார். "டேய், மைக்கை அணைடா!"

மச்சான் கைப்பேசியைக் கீழே போட்டுவிட்டு மைக் ஸ்டாண்டுக்குப் பாய்ந்தான். ஆனால் அங்கே மாப்பிள்ளையின் மனைவி நின்றிருந்தாள். கையில் இருந்த அட்டைகளை ஒன்றாகச் சேர்த்து மடக்கி மேசை மேல் வைத்தாள். தம்பியின் கை ஒயரை எட்டுவதற்கு முன்னால் அதைத் தன் கால் கட்டை விரலுக்குக் கீழே அழுத்திக்கொண்டாள்.

"அக்கா, விடு. அப்பா சொல்றாரு."

"கேட்டுச்சு" என்றாள் அவள். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினாள். அப்பாவின் உயரத்துக்கு நின்றிருந்த மைக்கை இறக்கி, இன்னும் இறக்கி, தையல்காரம்மாவின் வாய்க்கு நேராக வைத்து இறுக்கினாள். நிமிர்ந்தபோது ஒரே ஒரு முறை பக்கவாட்டில் திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள். காலையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்று பார்த்த அதே பார்வைதான். அதில் கிண்டல் காலையிலும் இருந்ததில்லை என்பது அவனுக்கு இப்போதுதான் புரிந்தது.

கூடம் முழுக்க அடங்கிவிட்டது.

"பேசுங்கம்மா" என்றாள் அவள். "சத்தமாப் பேசணும்னு அவசியமில்ல. மெதுவாச் சொன்னாலே எல்லாருக்கும் கேக்கும்."